காத்திருக்கக் கற்பித்தல்

திருவருகைக் காலத்துக்காக வீட்டில் சவுக்குத் தழையில் வளையம் கட்டினோம். நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு மெழுகுவர்த்திகள்: மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. முதல் ஞாயிறு ஒன்றை ஏற்றினோம். மறுநாள் மாலை நான் வீடு திரும்பியபோது நான்கும் எரிந்துகொண்டிருந்தன. ஐந்து வயது மகள் பாட்டியைக் கெஞ்சி ஏற்றவைத்திருக்கிறாள். "எல்லாத்தையும் ஏத்திட்டா சீக்கிரம் வந்துருவார்ல, அப்பா?" காத்திருக்கத் தெரியாதவளுக்கு அடுத்த ஞாயிறு மெழுகுவர்த்தி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு அந்த வாக்கியம் உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த வழக்கம் அப்படியொன்றும் புராதனமானதல்ல. ஹாம்பர்க் அருகே ஆதரவற்ற சிறுவர்களுக்காக 1833-ல் இல்லம் தொடங்கிய யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற இறையியலாளர், 1839-ல் ஒரு மரச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு. கிறிஸ்துமஸ் எப்போது என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்கு அது அவர் தந்த பதில் என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் அட்டை நாட்காட்டிகள் அச்சாயின. இன்று அவற்றின் கதவுகளுக்குப் பின்னே நாளுக்கொரு சாக்லேட் இருக்கிறது. காத்திருத்தல் தினக்கூலியாகிவிட்டது என்று இதைப் பரிகசித்தவன் நான். என் மிரட்டலும் அதே கணக்குப் புத்தகம்தான். அங்கே கூலி கொடுக்கிறார்கள். நான் கூலியைப் பிடித்துக்கொண்டேன்.

எண்ணுவது வேறு, காத்திருப்பது வேறு. டிசம்பர் 25 வந்தே தீரும், குழந்தை பொறுமையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் திருச்சபை இக்காலத்தில் இரண்டு வருகைகளைப் பேசுகிறது: நடந்து முடிந்த பிறப்பு, நாள் குறிக்கப்படாத மறுவருகை. இரண்டாவதற்கு மெழுகுவர்த்திக் கணக்கு இல்லை. அந்த விஷயத்தில் நான் என் மகளைவிட ஓரடிகூட முன்னால் இல்லை. நம்புகிறேனா என்பதே தீர்மானமாகாதவன், எந்த உரிமையில் அவளுக்குக் காத்திருக்கக் கற்பிக்கிறேன்?

விஷெர்னின் இல்லத்துப் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். பெரியவர்களின் வார்த்தையை நம்ப அவர்களுக்கு அதிகக் காரணம் இருந்திருக்காது. அவர்களுக்கு அந்தச் சக்கரம் பொறுமைப் பாடமாகவா இருந்திருக்கும்? ஏற்றுகிறேன் என்று சொன்ன ஒருவர் ஒவ்வொரு நாளும் வந்து ஏற்றினார். பரீட்சை குழந்தையின் பொறுமைக்கல்ல, பெரியவரின் வார்த்தைக்கு. காத்திருப்பது பிரயோஜனமா என்பதை அதிலிருந்துதான் குழந்தை தெரிந்துகொள்கிறது.

அடுத்த ஞாயிறு இரண்டை ஏற்றினேன். "கிடையாதுன்னு சொன்னியே?" என்றாள். "தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். ஒரு வார்த்தையைக் காப்பாற்ற இன்னொன்றை மீற வேண்டியிருந்தது. இந்த முரண் எனக்கு இன்னும் தீரவில்லை. அவளுக்கு அது பிரச்னையாகவே இல்லை. ஏற்றாத இரண்டில் கருகியிருந்த திரிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.