கரும்புச் சாறும் களத்துமேடும்



போகபூமியின் கற்பக மரங்கள் வளங்குன்றிய காலத்தில், பசியும் அச்சமும் கொண்ட மக்கள் விருஷப தேவரிடம் சென்று முறையிட்டனர் என்று ஆதிபுராணம் கூறும். நம் இல்லங்களில் வாசிக்கப்பெறும் ஸ்ரீபுராணமும் அதனை எடுத்துரைக்கும். அப்பொழுது பெருமான் என்ன செய்தார்? களஞ்சியத்தைத் திறந்துவிட்டு அவர்களை அனுப்பிவிடவில்லை. அசி, மசி, கிருஷி, வித்யை, வாணிஜ்யம், சில்பம் என்னும் அறுவகைத் தொழில்களைக் கற்பித்தார். வாளேந்திக் காத்தலும், எழுதிக் கணக்கிடுதலும், உழவும், கலையும், வணிகமும், கைவினையும் கற்ற மக்கள் தம் கால்களில் நின்றனர். வீட்டுநெறியைக் காட்டிய இறைவன் அதற்கு முன்பே பிழைக்கும் வழியையும் காட்டினார் என்பதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை.

பின்னர் அவரே துறவு பூண்டு, ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் எழுந்தருளினார். மக்கள் பேரன்புடன் ஓடிவந்தனர். ஒருவர் யானையைக் கொணர்ந்தார். ஒருவர் மணிகளைக் குவித்தார். ஒருவர் பட்டாடையை நீட்டினார். தம் மகளையே தர முன்வந்தாரும் உண்டு. ஒரு கவளம் உணவு தரத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்பிற்கும் குறைவில்லை, பொருளுக்கும் குறைவில்லை. எதிரே நிற்பவர்க்கு வேண்டுவது யாது என்பது மட்டும் தெரியவில்லை. பல திங்கள் இவ்வாறு கழிந்தபின், அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவால் தானவிதியை உணர்ந்து கரும்புச் சாற்றை அளித்தான். அந்நாளே அட்சய திருதியை. (பெருமான் கொள்ளாது விட்ட பொன்னையும் மணியையும் வாங்குவதற்கென்றே அந்நாளில் நகைக்கடை வாயிலில் வரிசை நீள்வது ஏன் என்பது நமக்கு இன்றளவும் விளங்கவில்லை.)

வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் நம் முன்னோர் உழுது வாழ்ந்தனர். இன்று பிள்ளைகள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றனர். ஆயினும் ஊர்ப்பற்று குறையவில்லை. ஜினாலயத் திருப்பணிக்கு மனமுவந்து வழங்குகின்றனர். அது வேண்டா என்று நாம் சொல்ல வரவில்லை. ஆலயத்தைச் சுற்றியுள்ள ஊருக்கு நாம் வழங்குவதைப் பற்றியே இங்குப் பேசுகிறோம். பலர் கூடித் தையற்பொறிகளை வழங்குகிறோம். தைத்ததை வாங்குவார் யார் என்று வினவுவதில்லை. வளைவும் மேடையும் கட்டுகிறோம். அறுவடையான நெல்லும் மல்லாட்டையும் சாலையில் உலர்கின்றன. விருஷப தேவர்முன் யானையைக் கொணர்ந்து நிறுத்தியவரும் நம்மைப் போன்ற நல்லவரே.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் தானத்திற்கு இலக்கணம் கூறுகிறார். நன்மை கருதித் தன்னுடையதை விட்டுவிடுதலே தானம் என்பது அதன் கருத்து. விதி, திரவியம், தாதா, பாத்திரம் என்னும் நான்கின் சிறப்பால் தானமும் சிறப்பெய்தும் என்கிறார். கொடுத்தல் நமக்கு எளிது, விட்டுவிடுதல்தான் அரிது. குழல்விளக்கை வழங்கி, ஒளி வெளிவராதபடி அதன்மேல் பெயரெழுதி வைக்கும் வழக்கத்தை நாமெல்லோரும் கண்டு சிரித்திருக்கிறோம். பெயரை எழுதாமலே பிடியை விடாதவரும் உண்டு. தாம் பணம் தந்த குழுவிற்குத் தலைவி யார், எந்தப் பொருளை எவரிடம் விற்பது என்பதையெல்லாம் நகரிலிருந்தபடியே முடிவு செய்வர். ஆசிரியப் பயிற்சியில், குழந்தையின் கையைப் பிடித்து எழுதப் பழக்குவது ஒரு நாள் பாடம். அந்தக் கையை எப்போது விடுவது என்பதோ ஆண்டு முழுதும் கற்கவேண்டிய பாடம். அபரிக்கிரகம் தாதாவுக்கும் உரியதன்றோ?

நகரத்து எடுத்துக்காட்டாயினும் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். 1959ஆம் ஆண்டு பம்பாய் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் முதலில் அப்பளம் இடத் தொடங்கினர். அத்தொகையைத் தந்த சமூகத் தொண்டர் அதைக் கடனாகவே தந்தார். தரம் குறையலாகாது, கணக்கு பிசகலாகாது, தொழிலைத் தொழிலாகவே நடத்தவேண்டும் என்று வற்புறுத்தினார். நட்டம் நேர்ந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்பதை அப்பெண்களும் விதியாகக் கொண்டனர். அதுவே இன்று நாமறிந்த லிஜ்ஜத். 40,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் கூலியாட்களாக அன்றி உரிமையாளர்களாகவே இருக்கின்றனர். அந்த 80 ரூபாய் இனாமாகத் தரப்பட்டிருப்பின் இத்தனையும் நடந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறோம்.

நம் ஊர்ப்புறத்திற்கு ஏற்றது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். 2002ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் இதற்கு வழி பிறந்தது. பத்து உழவர் சேர்ந்தால் பதிவு செய்யலாம்; பெருநிலக்காரராயினும் அரை ஏக்கர்க்காரராயினும் ஆளுக்கு ஒரே வாக்கு. 2020இல் மைய அரசு தொடங்கிய திட்டத்தில் சமவெளியில் 300 பேரேனும் சேர்ந்த நிறுவனத்திற்கு மூன்றாண்டுகளில் 18 இலட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு உதவி உண்டு. அறுவடை முடிந்த கையோடு கடன்காரருக்கு அஞ்சி வந்த விலைக்கு விற்கும் நிலையை இது மாற்றக்கூடும். உலர்களமும் கிடங்கும் இருந்தால் உழவர் சில வாரம் பொறுத்து, கமிட்டி எனப்படும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ ஆலையிலோ மொத்தமாக விலை பேசலாம். எடைத்தராசும் அவர்களுடையதாகவே இருக்கும். பொய்யளவு கொள்ளுதலை அசௌரிய விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக வைத்த நம் ஆசாரியர்கள் சந்தையை நன்கறிந்தவர்கள். ஆனால் மூன்றாண்டு முடிந்தபின் நிறுவனம் தானே நிற்கவேண்டும். கணக்கெழுதவும் வரிப்படிவம் நிரப்பவும் ஆளில்லையேல் கிடங்கு மட்டும் நின்றிருக்கும்.

மகளிர் சுயஉதவிக்குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவின. ஒழுங்காகக் கூடுதல், ஒழுங்காகச் சேமித்தல், தமக்குள் கடன் வழங்கல், தவறாது திருப்பல், கணக்கேட்டைச் செம்மையாக வைத்தல் என்னும் ஐந்தையும் அவர்கள் பஞ்சசூத்திரம் என்கின்றனர். அணுவிரதம் ஐந்தையும் கற்று வளர்ந்த நம் செவிக்கு அது இனிக்கிறது. ஆயின் இக்குழுக்களைச் சுற்றி வேறொன்றும் வளர்ந்துவிட்டது. நுண்கடன் நிறுவனங்கள் பல ஒரே பெண்ணின் தலைமேல் கடன்மேல் கடனாக ஏற்றி, வார வசூலுக்கு வாசலில் வந்து நிற்கின்றன. 2010இல் ஆந்திரத்தில் இது பெருந்துயராக முடிந்தது. தமிழக அரசும் 2025இல் வசூல் கொடுமையைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. அஹிம்சை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் அளவிற்கு மீறிப் பாரம் ஏற்றுதலும் ஒன்று. வண்டி மாட்டை எண்ணி அதனைப் படித்திருக்கிறோம். கடன் அட்டைகள் நான்கை முந்தானையில் முடிந்துவைத்திருக்கும் பெண்ணையும் எண்ணிப் படித்தல் தகும். ஆகவே கடன் வாங்கித் தருவதே உதவி என்று நம்மவர் கருதவேண்டா. எத்தனை கடன் முன்னமே உள்ளது என்று முதலிற் கேட்கவேண்டும்.

இனி ஒரு வினா. “நம்மவர் எத்தனை பேர் அவ்வூரில் இருக்கின்றனர்? பிறருக்கு நாம் ஏன் செய்யவேண்டும்?” என்று கேட்போர் உளர். வெளிப்படையாகக் கேட்பதைவிட மனத்துக்குள் கேட்போர் மிகுதி. ஆதிபுராணம் தானத்தைத் தயாதத்தி, பாத்திரதத்தி, சமதத்தி, அன்வயதத்தி என நான்காக வகுக்கும். தயாதத்திக்கு எல்லா உயிரும் உரியன. அங்கே சமயமும் குலமும் வினவப்படுவதில்லை. சமதத்தி, தம்மை ஒத்த இல்லறத்தார்க்கு மதிப்புடன் அளிப்பது. உரியவர் பட்டியலைத் தயாதத்தியிலிருந்தும் கொடுக்கும் பாங்கைச் சமதத்தியிலிருந்தும் கொள்ளலாகாதா? ஜினாலய மதிலுக்கு அப்பால் கோரைப்பாய் நெய்பவளும், நம் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவரும் நமக்கு ஒப்பானவரே. நாம் நகருக்குச் சென்றபின் ஊரைக் காத்து நிற்போரும் அவர்களே.

அட்சய திருதியைக்கு ஊர் செல்வோர் வழிபாடு முடிந்தபின் ஒரு மணி நேரம் களத்துமேட்டில் அமரலாம். எங்கே உலர்த்துகிறீர்கள், எடை போடுபவர் யார், விலை சொல்பவர் யார் என்று கேட்கலாம். நம்முள் வங்கியிலும் பள்ளியிலும் பணியாற்றி ஓய்வுபெற்றோர் பலர். திங்களுக்கு ஒரு நாள் அவர்கள் சென்றுவரலாம். கணக்கேட்டை நாம் எழுதித் தரவேண்டா. எழுதும் முறையை அவ்வூர்ப் பெண்கள் இருவருக்குக் கற்பித்தாற் போதும். ஓராண்டிற்குள் அவர்களே எழுதத் தொடங்கிவிடுவர். நம் செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே.