சிற்றுயிரை அடைத்துப் பேணல் அறமாமோ

பசுவைப் பேணுவோன் பால் பெறுகின்றான். நாயைப் பேணுவோன் காவலும் நன்றியும் பெறுகின்றான். கிளியை வளர்ப்போன் அதன் மழலையிலே மகிழ்கின்றான். கைம்மாறு யாதுஞ் செய்யமாட்டாததும், தன்னைப் பேணுவோன் ஒருவன் உளன் என்றே அறியாததுமாகிய ஓருயிரை வீட்டிலே பெட்டியுள் வைத்து வளர்த்தல் கருணையோ, வேடிக்கையோ? ஐரோப்பா, அமெரிக்கா, யப்பான் முதலிய தேசங்களிலே ஐசோபொட் என்னுஞ் சிற்றுயிரை இங்ஙனம் வளர்ப்போர் இந்நாளிற் பலராதலின், இவ்வினா வெறுங் கற்பனையன்று.

கல்லைப் புரட்டினால் அதன்கீழ் ஈரமண்ணிலே சாம்பனிறமாய் ஊர்ந்து ஒளிவதும், சில இனங்களிலே தீண்டியவுடன் உருண்டையாய்ச் சுருளுவதுமாகிய உயிரே இது. சமமான கால்களையுடையது என்னும் பொருள்படுங் கிரேக்கச் சொற்களாலாயது இப்பெயர். இதனைப் பூச்சியென்பாரும் உளர், அது பொருந்தாது. பூச்சிக்குக் கால்கள் 6, இதற்கோ 14. இது நண்டு, இறால் என்பவற்றின் சுற்றம். நிலத்தில் வாழினும், ஈரம் அற்றவிடத்து இதன் சுவாச உறுப்புகள் தொழிற்படா. தாய் தன் முட்டைகளை வயிற்றின் கீழுள்ள பையிலே சுமக்கும். வெளிப்படுங் குஞ்சுக்கு முதலில் 6 இணைக் கால்களே உள. 7 ஆம் இணை தோல் கழற்றிய பின்னரே தோன்றும். தோலையும் ஒருங்கே கழற்றாது, பின்பாதியை முன்னும் முன்பாதியைப் பின்னுமாகக் கழற்றும். உக்கிய இலையையும் மரத்தையும் உண்டு மண்ணை வளப்படுத்துதல் இதன் தொழில்.

இதனை அடைத்தல் கொடுமையே என்பர் ஒருசாரார். பறவைக்குஞ் சிலந்திக்கும் இரையாகாது காத்தலின் அதுவே கருணை என்பர் மற்றொருசாரார். இருவர் கூற்றும் முற்றும் ஒப்பத்தக்கனவல்ல. வானிலே பறத்தற்குரிய பறவையைக் கூட்டிலடைத்தல் அதன் இயல்பைத் தடுத்தலாம். இவ்வுயிரோ இருளையும் ஈரத்தையும் ஒதுக்கிடத்தையுமே நாடுவது. அவை குறைவின்றி வாய்க்குமாயின் பெட்டியை அதற்குச் சிறையென்று துணிதல் அரிது. ஆயினும், இரையாகாது காத்த மாத்திரத்தாற் கருணை நிரம்பிவிடாது. வெளியிலே மழை பொய்த்து ஓருயிர் வறண்டிறப்பின் அது இயற்கையின் செயல். பெட்டியினுள்ளே வறண்டிறப்பின் அஃது அடைத்தவன் செயல். வெளியில் ஈரந்தேடி ஊர்ந்து செல்ல அதற்கு வழியுண்டு; அவ்வழியை அடைத்தவன் எவனோ, அவனே அதற்கு மழையுமாதல் வேண்டும்.

ஆதலின் அறிந்து வளர்ப்போர் பெட்டி முழுவதையும் நனைப்பதில்லை. ஒரு புறத்திலே பாசியை நனைத்து வைத்து, மறுபுறத்தை உலர விடுவர். காற்றுப் புகத் துளையிடுவர். உக்கிய இலைகளோடு, ஓட்டின் உறுதிக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள முட்டைக்கோதும் இடுவர். தனக்கேற்ற இடத்தை அவ்வுயிரே தெரிந்துகொள்ளும். வாய்விட்டுக் கேட்கமாட்டாத உயிர்க்கு நாம் அளிக்கத்தக்க பெருங்கொடை இத்தெரிவேயாம்.

இனி, வளர்ப்போனுடைய மனம் சோதிக்கப்படுமிடம் ஒன்றுண்டு. அவன் விரும்புவது காணுதல். அவ்வுயிர் விரும்புவது காணப்படாதிருத்தல். அடிக்கடி மூடியைத் திறந்து, மரப்பட்டையைப் புரட்டி, விளக்கொளி காட்டுவோன் தோல் கழற்றும் உயிரின் மெல்லுடலுக்குத் தீங்கு விளைத்தலுங்கூடும். தன் கண்ணின் ஆசையை அடக்குவோனே உண்மையிற் பேணுவோன். ஏனையோன் உடைமையாளன் மாத்திரையே.

தாய்லாந்தின் சுண்ணக்கற் குகைகளிலுள்ள அரிய இனங்களை அழகு கருதிப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவோரும் உளர். காட்டினின்று கவர்ந்தவற்றை வாங்குதல் கவர்தலுக்குக் கூலி கொடுத்தலாகும். பெருகியவற்றைக் கண்டவிடத்து விட்டுவிடுதலும் தகாது. 1804 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு அறிஞர் லத்ரெய் விவரித்த, உருண்டையாய்ச் சுருளும் இனம், மத்தியதரைக் கடற்புறத்தைத் தாயகமாகவுடையது. மக்களின் போக்குவரவோடு பிற கண்டங்களிலும் பரவிவிட்டது. எளிதிற் பரவுவதை மீட்டல் எளிதன்று.

உலர்ந்த பாதியும் நனைந்த பாதியுமுள்ள பெட்டியில் இவ்வுயிரை விட்டு அதன் நடையை ஆராய்தல் பள்ளிக்கூடங்களிலே பெயர்பெற்ற பரிசோதனை. உலர்ந்தவிடத்தே அது விரைந்து ஊரும், ஈரமுள்ளவிடத்தே அமைதியுறும். இதனைக் காட்டும் உபாத்தியாயர், பாடம் முடிந்தபின் அதனை எடுத்த கல்லின் கீழேயே மாணாக்கரைக்கொண்டு மீள விடுவிப்பாராயின், விலங்கியலோடு அறநூலும் அன்றே கற்பித்தவராவர். அடைத்துப் பேணல் அறமாவதும் ஆகாததும் பெட்டியில் இல்லை. அது யார் பொருட்டு வைக்கப்பட்டது என்பதிலேயே உளது.