கணிப்பா? தலையெழுத்தா?

அமெரிக்க நாட்டிலே, ஆண்டுதோறும் மார்ச் திங்கள் முடியும் முன்னர், குறி சொல்லும் பருவம் ஒன்று பிறக்கிறது. உடுக்கை ஒலி இல்லை, கிளிக்கூண்டு இல்லை, சோழி உருட்டுவாரும் இல்லை. எனினும் குறி உண்டு! பேஸ்பால் எனும் பந்தாட்டப் பருவம் தொடங்குமுன், எந்தக் குழு வெல்லும், எந்தக் குழு வீழும், எந்த வீரன் ஓங்குவான், எவன் ஒடுங்குவான் என்று ஏடுகள் எழுதுகின்றன. கணக்கறிந்தோர் எண் குறிக்கின்றனர். முடிதிருத்தும் கடை முதல் மதுவிடுதி வரையில் வாதம் நடக்கிறது.

குழுக்கள் 30. ஒவ்வொன்றும் ஆட வேண்டிய ஆட்டங்கள் 162. ஆக மொத்தம் 2,430 ஆட்டங்கள். அவற்றுள் ஒன்றுகூட நடைபெறாத நிலையில், இக்குழு இத்தனை வெல்லும், இத்தனை தோற்கும் என்று அச்சடித்து விடுகின்றனர்.

"பார்த்தீரா! வருவதை முன்கூட்டி உரைப்பது அமெரிக்காவில் அறிவு. அதையே நம் சோதிடர் செய்தால் மூடநம்பிக்கையா? எண்ணைப் போற்றுவீர், ஏட்டுச்சுவடியைத் தூற்றுவீர், இதுதானா உங்கள் பகுத்தறிவு?" என்று வைதீக நண்பர் நம்மை மடக்கக்கூடும். மடக்கட்டும்! கேள்விக்கு அஞ்சி ஓடுபவன் பகுத்தறிவாளன் அல்லன். உண்மையில், கேட்கத்தக்க கேள்விதான் இது. கணிப்பு எப்போது அறிவு? எப்போது மடமை? அதனினும் பெரிய வினா ஒன்றுண்டு: கணிப்பு எப்போது கொடுமை?

முதலில், கணிப்போர் செய்வது யாது என்று காண்போம்.

டாம் டாங்கோ என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் வகுத்த முறை ஒன்றுண்டு. அதற்கு அவர் இட்ட பெயர் 'மார்செல்'. ஒரு குரங்கின் பெயர் அது! குரங்குக்கும் விளங்கும் அளவுக்கு எளிய கணக்கு என்று, தம் முறையைத் தாமே எள்ளி வைத்த பெயர். திரிகால ஞானம் என்று பறைசாற்றவில்லை. தெய்வ அருள் என்று திருநீறு பூசவில்லை. மட்டையாளன் ஒருவனின் சென்ற ஆண்டு ஆட்டத்துக்கு 5 பங்கு, அதற்கு முந்திய ஆண்டுக்கு 4 பங்கு, அதற்கும் முந்தியதற்கு 3 பங்கு மதிப்பளி. வந்த விடையை எல்லா வீரர்களின் சராசரியை நோக்கிச் சற்று இழு. வயது 29-க்குக் குறைவெனில் சிறிது கூட்டு, மிகுதியெனில் சிறிது குறை. அவ்வளவே! விரிவான கணிப்பு முறைகள் பல பின்னர் வந்தன. எனினும் இந்தக் குரங்குக் கணக்கை அவை வெகு தூரம் விஞ்சிவிடவில்லை.

சராசரியை நோக்கி இழுப்பானேன்? அங்குதான் அறிவின் அடக்கம் இருக்கிறது. ஒருவன் ஓராண்டு வானளாவ உயர்ந்தான் என்றால், அந்த உயர்வில் திறமையும் உண்டு, தற்செயலும் உண்டு. திறமை மறு ஆண்டும் உடன் வரும். தற்செயல் வருமென்று உறுதியில்லை. மிக நெட்டையான பெற்றோரின் மக்கள், பெரும்பாலும் பெற்றோர் அளவுக்கு நெட்டையாக இருப்பதில்லை என்று 1886-ல் பிரான்சிஸ் கால்ட்டன் எடுத்துக்காட்டிய உண்மையும் இந்த இனத்ததே. நாணயம் ஒன்றை 162 முறை சுண்டிப் பாருங்கள். தலை 81 முறை விழ வேண்டுமென்பது கணக்கு. ஆனால் 75 முறையும் விழலாம், 87 முறையும் விழலாம்; அதில் வியப்பேதும் இல்லை. நாணயத்துக்கே இப்படி என்றால், நாடி நரம்பும் நம்பிக்கையும் கொண்ட மனிதருக்கு?

இதை உணர்ந்தே கணிக்கின்றனர். ஆகவே தவறவும் செய்கின்றனர். 2007-ல் டாம்பா பே குழு 66 ஆட்டங்கள் மட்டுமே வென்று, 30 குழுக்களிலும் கடைக்கோடியில் கிடந்தது. நேட் சில்வர் உருவாக்கி 2003-ல் வெளிவந்த 'பெக்கோட்டா' என்ற கணிப்பு முறை, மறு ஆண்டு அக்குழு பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களை வெல்லும் என்றது. நம்பத் தயங்கியோர் பலர். 2008-ல் 97 வெற்றிகள். அமெரிக்கன் லீக் வாகை! கணிப்புக்கு வெற்றி. அதே பெக்கோட்டா, 2015-ல் கேன்சஸ் சிட்டி குழுவுக்கு 72 வெற்றிகள்தாம் என்றது. அக்குழு 95 வென்றது. உலகத் தொடர்க் கோப்பையையும் தூக்கிச் சென்றது. கணிப்புக்குத் தோல்வி!

தோற்றபோது என்ன நடந்தது? 72 என்று எழுதிய எண் அழிக்கப்படவில்லை. எங்கே பிழைத்தோம் என்ற ஆராய்ச்சி தொடங்கிற்று. சோதிடம் தவறினால் நடப்பதென்ன? பிறந்த நேரம் சரியில்லை என்பர்; பரிகாரம் குறைந்தது என்பர்; பூர்வ ஜென்ம பாவம் என்பர். சோதிடம் தோற்பதே இல்லை. தோற்பவன் எப்போதும் சோதிடம் கேட்டவன்தான்! தோற்க இடமளிக்காத ஒன்று, வெல்லவும் முடியாது. 'நான் சொன்னது பொய்த்தால், இதோ இந்த எண் எனக்கு எதிராகச் சான்று சொல்லும்' என்று முன்னரே எழுதித் தருவதுதான் அறிவின் நேர்மை.

அந்த நாட்டில் மடமையே இல்லையோ என்றால், உண்டு, நன்றாகவே உண்டு! பாஸ்டன் நகரத்துக் குழு 1918-ல் வாகை சூடிற்று. பின்னர், பேப் ரூத் என்ற பெருவீரனை நியூயார்க் யாங்கீஸ் குழுவுக்கு விற்றுவிட்டது. 1920 தொடக்கத்தில் அந்த விற்பனைச் செய்தி வெளிவந்தது. 1918-க்குப் பின் 86 ஆண்டுகள் பாஸ்டனுக்குக் கோப்பை கிட்டவில்லை. "பேப் ரூத்தின் சாபம்!" என்றனர். சிகாகோ கப்ஸ் குழுவோ 1908-க்குப் பின் 108 ஆண்டுகள் காத்துக் கிடந்தது. 1945-ல் ஒருவர் தம் ஆட்டுக்கடாவை அரங்கினுள் கொண்டுவர, ஆட்டை விரட்டினராம், அவர் சபித்தாராம், அதுவே காரணமாம்! சாபக் கதைக்குச் சந்திரமதி காலம்தான் வேண்டுமென்பதில்லை. சிகாகோ நகரமும் போதும்.

அந்தச் சாபங்கள் எவ்வாறு தொலைந்தன? யாகத்தாலா? பாஸ்டன் குழு தியோ எப்ஸ்டீன் என்ற 28 வயது இளைஞரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. பில் ஜேம்ஸ் என்பவரை ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. யார் இந்த ஜேம்ஸ்? கேன்சஸ் மாநிலத்தில் டப்பா உணவுத் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவல் புரிந்தபடி பந்தாட்டக் கணக்குகளை ஆராய்ந்து, 1977-ல் தம் முதல் தொகுப்பைத் தாமே வெளியிட்டவர். காவற்காரன் கையிலிருந்த கணக்கு, சாபத்தின் கழுத்தைத் திருகிற்று! 2004-ல் பாஸ்டன் வென்றது. பின்னர் எப்ஸ்டீன் சிகாகோ சென்றார். 2016-ல் சிகாகோவும் வென்றது. இரு சாபங்கள், தலைமை வகித்து முறித்தவர் ஒருவரே, கையாண்ட கருவி அறிவு.

அப்படியானால் பாஸ்டனைப் பிடித்த சாபம் ஏதுமே இல்லையா? இருந்தது, தோழர்களே! ஆனால் அது பேப் ரூத் இட்டதன்று. அக்குழு தனக்குத்தானே இட்டுக்கொண்டது.

1945 ஏப்ரல் 16. பாஸ்டன் ஃபென்வே அரங்கிலே மூன்று கருப்பின வீரர்கள் திறமை காட்ட வரவழைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஜாக்கி ராபின்சன். பந்தை அடித்தார், ஓடினார், திறமை காட்டினார். "சொல்லி அனுப்புகிறோம்" என்ற பாவனையில் அனுப்பினர். சொல்லி அனுப்பவே இல்லை! 1884-க்குப் பின் பெருங்குழுக்களில் கருப்பருக்கு இடமில்லை. சட்டப் புத்தகத்தில் எழுதிய விதியன்று அது. கனவான்கள் தமக்குள் செய்துகொண்ட கட்டுப்பாடு! எழுதாத சட்டத்தின் கொடுமையை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

அதே ஆண்டில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவின் பிராஞ்ச் ரிக்கி அந்த ராபின்சனை ஒப்பந்தம் செய்தார். உடனே எழுந்தது கணிப்பு! பாப் ஃபெல்லர், அந்நாளின் ஈடிணையற்ற பந்து வீச்சாளர், ராபின்சனின் தோள்கள் கால்பந்து ஆடுபவனுக்குரிய முரட்டுத் தோள்கள், உடலருகே வரும் பந்தை அவரால் அடிக்க இயலாது என்றார். பந்தாட்ட மேதையின் வாக்கு! 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் களம் புகுந்தார். அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் அவரே. 1949-ல் 1000 வாய்ப்புக்கு 342 என்ற கணக்கில் அடித்து, லீகின் தலைசிறந்த வீரர் விருதும் பெற்றார். அவர் ஆடிய 10 ஆண்டுகளில் புரூக்ளின் 6 முறை லீக் வாகை சூடிற்று. 1955-ல் உலகத் தொடரையும் வென்றது. பாஸ்டனோ, 1959 வரையில் ஒரு கருப்பரையும் களமிறக்கவில்லை. 16 குழுக்களில் கடைசியாகக் கதவைத் திறந்த குழு அதுவே. 1946-க்குப் பின் 1967 வரை அதற்கு லீக் வாகைகூட இல்லை. திறமையை வாயிலில் நிறுத்திவிட்டுத் தோல்விக்குச் சாபத்தைக் காரணம் காட்டினர்! இறுதியில் 2004-ல், நியூயார்க்கை முறியடித்து லீக் வாகையைப் பெற்றுத் தந்த தொடரில் தலைசிறந்த வீரராகத் தேர்வானவர் டேவிட் ஓர்ட்டிஸ்; டொமினிக்கன் நாட்டுக் கருப்பர். பழைய தடை நீடித்திருந்தால் அவரும் வாயிலைத் தாண்டியிருக்க மாட்டார்.

1962-ல் பேஸ்பால் புகழ்மன்றத்தில் ஃபெல்லரும் ராபின்சனும் ஒரே நாளில் சேர்க்கப்பட்டனர். கணித்தவரும், கணிப்பைப் பொய்யாக்கியவரும் அருகருகே! சிந்தனைக்கு விருந்தான காட்சி.

ஆனால் அந்தக் காட்சியில் ஓர் இருக்கை காலியாக இருந்தது என்பதை மறத்தல் ஆகாது. ஜாஷ் கிப்சன்! நீக்ரோ லீக் எனப்பட்ட தனிக் குழுக்களில் ஆடிய மாபெரும் மட்டையாளர். ராபின்சன் களம் புகுவதற்கு மூன்று திங்கள் முன்பு, 1947 ஜனவரியில், 35 வயதில் மாண்டார். பெருங்குழு எதிலும் ஒரு நாளும் ஆட அவரை விடவில்லை. 2024-ல்தான் நீக்ரோ லீக் கணக்குகள் பெரிய லீக் ஏட்டில் சேர்க்கப்பட்டன. 1000 வாய்ப்புக்கு 372 என்று, வாழ்நாள் சராசரியில் டை காப்பையும் முந்தி, முதலிடத்தில் நின்றது கிப்சன் பெயர். 77 ஆண்டுகளுக்குப் பின் ஏடு திறந்தது. ஏந்தி மகிழ அவர் இல்லை.

இங்கேதான் நம் வினாவுக்கு விடை கிடைக்கிறது. கணிப்பு இருவகை. ஒன்று, பார்வையாளன் கணிப்பு. மற்றொன்று, வாயிற்காவலன் கணிப்பு. கேன்சஸ் சிட்டி 72 தான் வெல்லும் என்றான் பார்வையாளன்; அந்தச் சொல் எவன் கையையும் கட்டவில்லை; 95 வென்று காட்ட களம் திறந்திருந்தது. 'கருப்பனால் ஆகாது' என்றான் வாயிற்காவலன். சொன்னதோடு கதவையும் சாத்தினான். உள்ளே விட்டால்தானே கணிப்பு பொய்க்கும்? ஆகவே அது பொய்க்கவே இல்லை—63 ஆண்டுகள்! தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் இந்தக் கணிப்புக்குத்தான் தலையெழுத்து என்று பெயர். எழுதியவன் பிரம்மன் அல்லன், சாவி வைத்திருந்தவன்.

கணக்கும் இந்தக் குற்றத்துக்கு ஆளாகக்கூடும் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 'வயது 29-க்கு மேல், இறக்கம் தொடங்கும்' என்பது ஆயிரம் பேரைப் பற்றிய உண்மை. எதிரே நிற்கும் ஒருவன் மீதான தீர்ப்பு ஆகாது. 1988-ல், வீரர் தேர்வின் 62-ஆம் சுற்றில், 1,390-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் மைக் பியாசா. ஏறத்தாழ யாருக்கும் வேண்டாத எண் அது. 2016-ல் அவர் புகழ்மன்றம் புகுந்தார். மிகப் பிந்திய சுற்றாயினும், கதவு கீற்றளவு திறந்திருந்தது. அதுதான் அவரைக் காத்தது.

பிறர் குற்றம் பேசி முடித்துவிட்டால் போதுமா? நாம் ஆசிரியத் தொழில் புரிபவர். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, வருகைப் பதிவேட்டைப் புரட்டும்போதே, 'இவன் தேறுவான். இவன் தேறான்' என்று மனத்துக்குள் எழுதிவிடுகிறோம். தேறான் என்று நாம் எழுதியவன் கடைசி வரிசைக்குப் போகிறான். அவனைக் கேள்வி கேட்பதில்லை. அவன் கை தூக்கினாலும் காண்பதில்லை. ஆண்டு முடிவில் தவறுகிறான். "அன்றே சொன்னேன் அல்லவா!" என்று பெருமிதம் கொள்கிறோம். சொன்னோமா, செய்தோமா? ஃபெல்லராவது பந்து வீசுபவர். அவர் சொன்னதைப் பொய்யாக்க ராபின்சனுக்கு மட்டை கிடைத்தது. நம் கடைசி வரிசைச் சிறுவனுக்கு மட்டையே தராமல், அவனுக்கு அடிக்கத் தெரியாதென்று எழுதுகிறோமே, நாம் யார்? பார்வையாளரா, வாயிற்காவலரா?

எனவே, கணிப்பை வெறுக்க வேண்டியதில்லை. மழையைக் கணிப்போம், விளைச்சலைக் கணிப்போம், விளையாட்டையும் கணித்து மகிழ்வோம். ஆனால் கணிப்பவனிடம் மூன்று கேட்போம். காரணம் காட்டுகிறாயா? பிழைத்தால் ஒப்புக்கொள்வாயா? நீ பிழைப்பதற்கு வழி விட்டிருக்கிறாயா? முதல் இரண்டும் அறிவைச் சோதிக்கும் கேள்விகள். மூன்றாவது, அறத்தைச் சோதிக்கும் கேள்வி.

மார்ச் திங்களில் எண்களை எழுதியவர்கள், செப்டம்பர் திங்களில் அவற்றைத் திரும்பப் படிக்கின்றனர். வரும் சூன் திங்களில் பள்ளி திறக்கும். நாமும் நம் பதிவேட்டைத் திறப்போம். எழுதுகோலை மட்டும் சற்று நேரம் மூடியே வைத்திருப்போம். கடைசி வரிசையில் ஒரு கை உயர்கிறதா என்று முதலில் பார்ப்போம்.