எதை வைத்திருப்பது, எதை அழிப்பது?

இன்று நம் வீடுகள் பலவற்றில் ஒரு லப்டொப் இருக்கின்றது. பிள்ளைகளின் இணையவழி வகுப்புக்கென்று அது வாங்கப்பட்டிருக்கும். நாளடைவில் கல்யாணப் படங்களும், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய வீடியோக்களும், காணி உறுதியின் பிரதியும், பாட்டுக்களும் சினிமாப் படங்களும் அதற்குள் வந்து குடியேறிவிடுகின்றன. ஒருநாள் திரையின் மூலையில் ஓர் அறிவித்தல் தோன்றுகின்றது: இனி இடம் போதாது என்று. நாம் அதை இயந்திரத்தின் குறையாக எண்ணிச் சலித்துக்கொள்கின்றோம். ஆயினும் அந்த அறிவித்தலுக்குள் ஒழுக்கம் சார்ந்த வினா ஒன்று அடங்கியிருக்கின்றது. நம் கையில் இருப்பவற்றுள் எவற்றை அழிக்க நமக்கு உரிமை உண்டு? எவற்றை வைத்திருக்க நமக்குக் கடமை உண்டு? இவ்விரண்டையும் இவ்வாரம் சற்று ஆற அமர யோசிப்போம்.

மனச்சாட்சிக்கு வேலையில்லாதவை

முதலில் எளியதை முடித்துவிடுவோம். 256 ஜிகாபைற் என்று விற்கப்படும் லப்டொப்பில் விண்டோஸ் 238 ஜிகாபைற்றையே காட்டும். கடைக்காரர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று கோபிக்க வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுகின்றார், விண்டோஸ் 1,024ஆல் பெருக்கிக் கணக்கிடுகின்றது, வித்தியாசம் அவ்வளவே. எஞ்சிய இடத்தில் கணிசமான பங்கை விண்டோஸ் தானே எடுத்துக்கொள்ளும்.

செற்றிங்ஸில் 'சிஸ்ரம்' என்பதைத் திறந்து, அதனுள் 'ஸ்ரோறேஜ்' என்ற பகுதியைப் பார்த்தால் எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றது என்பது தெரியும். தற்காலிகக் கோப்புகளை அங்கேயே நீக்கலாம். விண்டோஸின் புதிய பதிப்புக்கு மாறும்போது பழைய பதிப்பு ஒரு தனிக் கோப்புறையில் தங்கியிருக்கும். சாதாரணமாகப் பத்து நாட்களில் அது தானாக நீங்கிவிடும். டவுன்லோட்ஸ் என்ற கோப்புறையைத் திறந்து, அளவின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஆயிரம் புகைப்படங்களைவிட ஒரு மணி நேர வீடியோ ஒன்று கூடிய இடத்தைப் பிடித்திருப்பதைக் காண்பீர்கள். திரும்பப் பெறக்கூடிய சினிமாப் படம், மீண்டும் நிறுவக்கூடிய செயலி, வட்ஸ்அப்பில் பத்துப் பேர் அனுப்பிய ஒரே வாழ்த்துப் படம் ஆகியவற்றை அழிக்க மனச்சாட்சியைக் கூப்பிட வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வண்றைவ் போன்ற இணையச் சேமிப்போடு இணைக்கப்பட்ட கோப்புறையிலிருந்து ஒரு படத்தை அழித்தால், அது இணையத்திலும் மற்றக் கருவிகளிலும் சேர்ந்தே அழியும். லப்டொப்பில் மட்டும் இடம் வேண்டுமெனில், அழிப்பதற்குப் பதிலாக 'இடத்தை விடுவித்தல்' என்ற தெரிவை எடுக்க வேண்டும். மகன் லப்டொப்பைத் துப்புரவு செய்தான், தாயின் போனில் இருந்த படங்களும் போயின என்ற துன்பம் இந்த வித்தியாசம் தெரியாமையால் வருவதே.

எரித்தாலும் அழியாதவை

அழித்தல் என்று நாம் சொல்வது உண்மையில் யாது? நாம் அழிக்கும் கோப்பு முதலில் றீசைக்கிள் பின் என்ற கூடைக்குள் போகின்றது. கூடையை வெறுமையாக்கும்வரை ஓர் அங்குல இடமும் மிஞ்சாது. பழைய வகை வன்தட்டில், கூடையை வெறுமையாக்கிய பின்னரும் எழுத்துக்கள் அங்கேயே கிடக்கின்றன. 'இவ்விடம் காலி' என்ற குறிப்பு மட்டுமே எழுதப்படுகின்றது. வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை தெரிந்தவர் அதை மீட்டெடுக்கலாம். புதிய லப்டொப்புகளில் உள்ள எஸ்எஸ்டி வகைச் சேமிப்பு அதைப் பெரும்பாலும் விரைவிலே துடைத்துவிடும். ஆகவே பழைய கணினியை விற்பவர், படங்களை அழித்துவிட்டேன் என்று நிம்மதி கொள்ளலாகாது. முழுமையாகத் துடைத்தபின் கொடுப்பதே நேர்மை. அதில் இருப்பவை அவருடைய இரகசியங்கள் மட்டும் அல்லவே.

லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் 1968இல் வெளியிட்ட ஒரு நூலில், எதையும் மறக்க இயலாத ஒரு மனிதரைப் பற்றி எழுதியுள்ளார். கண்டவை கேட்டவை யாவும் அம்மனிதரின் நினைவில் அப்படியே பதிந்திருந்தன. மறப்பதற்காக அவர் எண்களைக் கடதாசியில் எழுதி எரித்துப் பார்த்தார். கருகிய தாளிலும் எண்களின் சுவடு அவருக்குத் தெரிந்ததாம். நாம் பொறாமைப்படத்தக்க பாக்கியமா இது? மனிதரின் முகங்களை அடையாளங் காண்பதே அவருக்குக் கடினமாயிருந்தது. பார்க்குந்தோறும் முகம் மாறுவதை அவர் கண்டார். சிறு வேறுபாடுகளை மறக்கத் தெரிந்தவனுக்கே ஒரு முகம் ஒரே முகமாகத் தோன்றும். மறதி அறிவின் பகைவன் மட்டுமன்று, ஓரளவில் அதன் துணைவனுமாகும்.

எல்லாவற்றையும் வைத்திருந்தால் என்ன?

இவ்விடத்தில் ஒரு வாசகர் கேட்கலாம்: "இவ்வளவு யோசனை எதற்கு? பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் போட்டு வைத்தால் முடிந்தது அல்லவா?" நியாயமான கேள்வி. 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுச் சாதனத்தில் 50 தட்டுக்கள் இருந்தன. அது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களையே கொண்டது. நம் போனில் எடுத்த ஓரிரு படங்களுக்கு மேல் அதில் அடங்கா. இன்றோ சட்டைப்பையில் வைக்கும் டிஸ்க் ஒன்று ஒரு குடும்பத்தின் படங்கள் அனைத்தையும் விழுங்கிவிடும். பின் ஏன் அழிக்க வேண்டும்?

இது கணினியோடு பிறந்த வழக்கு அன்று. ஆவணக் காப்பகங்களைப் பற்றி 1922இல் நூல் எழுதிய ஹிலரி ஜென்கின்சன் என்ற ஆங்கிலேயர், காப்பாளன் தேர்வு செய்யலாகாது, தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காப்பதே அவன் தொழில் என்றார். தன் விருப்பு வெறுப்பு உள்ளே புகுந்துவிடும் என்பதே அவரது அச்சம். 1956இல் ஷெல்லன்பெர்க் என்ற அமெரிக்கர் அதற்கு மாறாக, குவியும் தாள்களை மதிப்பிட்டுத் தெரிந்தெடுப்பது காப்பாளனின் தவிர்க்க முடியாத கடமை என்றார். இருவரிலும் உண்மை உண்டு. நம் தீர்ப்பில் பிழை நேரலாம் என்பது உண்மை. ஆயினும் தீர்ப்பே வேண்டாம் என்பவன், தன் பாரத்தை மற்றவன் தோளில் ஏற்றுகின்றான் என்பதும் உண்மை.

ஒரு தகப்பனார் நாற்பதாயிரம் படங்களை விட்டுவிட்டு மறைகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் மங்கிய படங்களும், மின்சாரப் பட்டியலின் படங்களும், ஒரே காட்சியின் பன்னிரண்டு படங்களும் கலந்து கிடக்கின்றன. அவருடைய தாயாரின் ஒரேயொரு படமும் அதற்குள் எங்கோ உண்டு. பிள்ளைகள் அதை எப்படிக் கண்டெடுப்பர்? கண்டாலும் அது யார் என்று எப்படி அறிவர்? வைத்திருந்தார், ஆனால் கொடுத்துச் செல்லவில்லை. வைத்திருத்தல் வேறு, பேணுதல் வேறு.

புனித அகுஸ்தீனார் தமது பாவசங்கீர்த்தனங்களின் பத்தாம் நூலில் நினைவைப் பெரும் மண்டபங்களாகவும் களஞ்சியமாகவும் வருணித்து, அதற்குள் தேடிச் செல்லும் மனத்தைப் பற்றி விரிவாகச் சிந்திக்கின்றார். அக்களஞ்சியத்திற்குச் சிறப்பு அளிப்பது அந்தத் தேடலே. எவரும் தேடிப் போகாத களஞ்சியம் வெறும் குப்பைமேடாகும்.

ஒரேயொரு பிரதி

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். துணிந்து அழிப்பதால் நேர்ந்த இழப்பை நம் மொழி நன்கு அறியும். ஓலைச்சுவடிக்கும் ஓர் ஆயுள் உண்டு. படியெடுக்கப்படாத ஏடு செல்லுக்கு இரையாகும். பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடும் வழக்கம் தமிழகத்தில் இருந்ததை உ. வே. சாமிநாதையர் வேதனையோடு எழுதியுள்ளார். விட்டவர் தீயவர் அல்லர்; வேறெங்கோ பிரதி இருக்கும் என்று நம்பியிருப்பர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1887இல் கலித்தொகையை அச்சேற்றியிராவிடின், அந்நூல் எந்நிலையில் இருந்திருக்குமோ!

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. கடையில் மீண்டும் வாங்கத்தக்க நூல்களும் அவற்றில் இருந்தன. உலகில் வேறெங்கும் பிரதியில்லாதவையும் இருந்தன. முன்னையது நட்டம், பின்னையது மரணம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் புறப்பட்டபோது, றங்குப்பெட்டியிலிருந்து எதை எடுப்பது என்று முடிவு செய்யச் சில நிமிடங்களே இருந்தன. உறுதியையும் ஞானஸ்நானப் பத்திரத்தையும் எடுத்தவர்கள் பலர். அல்பத்தை விட்டுவந்து இன்றும் ஏங்குவோர் பலர். அந்த நிமிடங்களை அனுபவித்த நம் சனங்கள் எதையும் எறிய அஞ்சுவதைக் குறை கூற முடியாது. ஆனால் அதே அனுபவம் இன்னொன்றையும் கற்பிக்கின்றது: எது முக்கியம் என்பதை அவசரத்துக்கு முன்னரே தெரிந்து வைத்திருப்பவன் பாக்கியவான்.

ஒரே இடத்தில் வைப்பதும் காப்பாகாது. 1998இல் அமெரிக்காவில் ரோய் ஸ்ரோறி 2 என்ற சித்திரப்படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி தவறான ஒரு கட்டளையால் அழிந்தது. பிரதிக்கென வைத்த ஏற்பாடும் பழுதாயிருந்தது. குழந்தைப்பேற்றின் காரணமாக வீட்டிலிருந்து வேலை செய்த ஓர் அலுவலரின் கணினியில் பிரதி இருந்தமையால் அது மீண்டது. இணையச் சேமிப்பையும் நித்தியம் என்று எண்ண வேண்டாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைற் மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்தே. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை அந்நிறுவனம் 2023இல் கொண்டுவந்தது. இறந்தவரின் கணக்கை யார் திறப்பார் என்று யோசியுங்கள்.

கோபத்தில் அழிப்பது

இனி, கடினமான ஒன்று. குடும்பத்தில் பிளவு வருகின்றது. மருமகன் பிரிந்து போகின்றான். அண்ணன் தம்பி பேசுவதில்லை. அப்போது முதலில் கை போவது அவர்களுடைய படங்களின்மேல். இடம் போதவில்லை என்பது சாட்டாக அமையும்.

உரோமைச் சக்கரவர்த்தி கரகல்லா 211இல் தன் தம்பி கேற்றாவைக் கொல்வித்தபின், தம்பியின் பெயரையும் உருவையும் எங்கும் அழிப்பித்தான். அக்குடும்பத்தின் ஓவியம் ஒன்று இன்றும் பேர்லின் அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. தந்தை, தாய், ஒரு மகன். மற்ற மகனின் முகம் இருந்த இடத்தில் துடைத்தெடுத்த வெறுமை. பார்ப்பவர் கண் முதலில் போவது அந்த வெறுமைக்கே. அழித்தவன் நினைத்தது நடக்கவில்லை.

பிரிந்து போன தந்தையின் படம் தாய்க்குப் புண். பிள்ளைக்கோ அது தன் முகத்தின் பாதி. தாய் அதைப் பார்க்க வேண்டியதில்லை. வேறொரு டிஸ்க்கில் போட்டு மூடி வைக்கலாம். ஆனால் பிள்ளை என்றோ ஒருநாள் கேட்கும் உரிமையை இன்றைய கோபம் தீர்த்துவிடலாகாது. பொய்யான குடும்ப வரலாற்றை எழுத எவருக்கும் அதிகாரமில்லை.

அதற்கு நேர்மாறான கடமையும் உண்டு. சினேகிதி அழுதுகொண்டு அனுப்பிய குரற்பதிவு, பிறருடைய வைத்திய அறிக்கை, அலுவலுக்காக அனுப்பிய அடையாள அட்டையின் படம், ஒருவர் வெட்கப்படும் நிலையில் எடுக்கப்பட்ட வீடியோ ஆகியவை நம்மிடம் நம்பித் தரப்பட்டவை, அல்லது தரப்படாமலே வந்துசேர்ந்தவை. தேவை முடிந்ததும் அழிப்பதே நாணயம். நாளை அவருடன் பகை வந்தால் உதவும் என்று வைத்திருப்பது, அடுப்பங்கரையில் கத்தியை ஒளித்து வைப்பதற்குச் சமம்.

ஆகவே, வாசகர்களே, இடம் போதாது என்ற அறிவித்தல் வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதைத் திரும்பப் பெற முடியுமா? முடியுமெனில் தயங்காது நீக்குங்கள். இது பிறருடைய இரகசியமா? ஆமெனில் இன்றே அழியுங்கள், கூடையையும் வெறுமையாக்குங்கள். இதற்கு நான் ஒருவனே சாட்சியா? ஆமெனில் அது எத்தனை ஜிகாபைற் ஆனாலும் வைத்திருங்கள். வேறிரண்டு இடங்களிலும் பிரதி வையுங்கள், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்.

இதைத் தனியே செய்ய வேண்டாம். அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி, பிள்ளைகளையும் கூப்பிட்டு, மாதம் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுங்கள். அந்தப் படத்தில் பின்வரிசையில் நிற்பவரின் பெயர் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.