வராத அலை சொன்ன செய்தி

அலைகளின் வகைகள் யாவை? பள்ளி இயற்பியலில் இது சின்ன வினா. ஊடகம் தேவைப்படும் அலை, தேவைப்படாத அலை. குறுக்கலை, நெட்டலை என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். இதை மனப்பாடப் பகுதியாக மட்டும் விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. பூமியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதே இந்தப் பாகுபாட்டை வைத்துத்தான் நமக்குத் தெரியவந்தது.

ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் போட்ட ஆழ்துளை 12,262 மீட்டர். பூமியின் மையமோ ஏறத்தாழ 6,371 கிலோமீட்டர் கீழே. தோண்டிப் பார்த்து ஆகிற காரியமில்லை. அவ்வளவு ஆழத்துக்கும் போய்வருபவை நிலநடுக்க அலைகள்தான்.

1897 ஜூன் 12 அன்று அசாமைப் புரட்டிப்போட்ட பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். தொலைதூரக் கருவிகளில் விழுந்த கோடுகளை அவர் நுணுக்கிப் பார்த்தார். முதலில் ஒரு சிறு நடுக்கம். சற்றுப் பொறுத்து, இன்னும் பெரிதாக ஒரு வீச்சு. அதற்கும் பிறகு, தரையின் மேற்பரப்பை ஒட்டியே வரும் நீண்ட அலைகள். ஒரே அதிர்ச்சியிலிருந்து மூன்று வகை அலைகள் கிளம்பியிருக்கின்றன என்று பிரித்துக் காட்டினார்.

முந்தி வருவது நெட்டலை. போகும் திசையிலேயே பாறையை அமுக்கித் தளர்த்திக்கொண்டு விரையும். பிந்தி வருவது குறுக்கலை. பாறையைப் பக்கவாட்டில் உதறும். அப்படித் தள்ளப்பட்ட பொருள் மீண்டும் தன் இடத்துக்கு வந்தால்தான் குறுக்கலை மேலே நகரும். திடப்பொருள் அப்படித் திரும்பும், திரவம் நழுவிவிடும். ஆகவே திரவத்துக்குள் குறுக்கலைக்கு வழியில்லை.

நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு நேர் மறுபக்கத்தில் பார்த்தால், நெட்டலை வந்துசேர்கிறது. குறுக்கலை பூமியின் கருவைத் தாண்டி வருவதில்லை. இந்த இல்லாமையையும் வேறு சான்றுகளையும் சேர்த்துத்தான், சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் கரு திரவம் என்று 1926இல் புவி இயற்பியலாளர் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் நிறுவினார். வந்த அலையைப் போலவே வராத அலையும் சாட்சி சொல்கிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

அதோடு முடியவில்லை. 1929இல் நியூசிலாந்தில் நிலம் குலுங்கியது. பதிவுகளை அட்டைகளில் குறித்து, ஓட்ஸ் வந்த அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்து ஒப்பிட்டார் டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன். கருவால் வளைக்கப்படுவதால் நெட்டலை போய்ச் சேரக் கூடாத பகுதி ஒன்று உண்டு. அந்தப் பகுதியிலும் மங்கலாகச் சில நெட்டலைகள் பதிவாகியிருந்தன. பிழை என்று அவற்றை ஒதுக்காமல், எந்த வகை அலை, எந்த வழியாக வந்தது என்று விடாமல் கேட்டார் அவர். திரவக் கருவுக்குள் இன்னோர் உருண்டை இருக்கிறது, அலைகளைத் திருப்பியது அதுதான் என்று 1936இல் எழுதினார். அந்த உட்கரு திடமானது, அதன் ஆரம் ஏறத்தாழ 1,220 கிலோமீட்டர் என்பதெல்லாம் பிற்பாடு தெளிவானது.