காற்றும் ஒரு ஹக்கு

கூட்டம் நிறைந்த ஒரு கடைக்குள் நுழைந்ததும் முகத்தில் வந்து மோதும் வாடைக்கு யார் பொறுப்பு? வெயிலில் நடந்து வியர்வையோடு வந்த வாடிக்கையாளரா? காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கும் சிப்பந்தியா? அல்லது ஜன்னலை அடைத்துச் சுவர் எழுப்பிய முதலாளியா? கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும் இந்தக் கேள்வியை மார்க்கத்தின் ஒளியில் வைத்துப் பார்த்தால், மனிதருக்கு மனிதர் செலுத்த வேண்டிய ஹக்கைப் பற்றிய பெரிய கேள்வி அது என்பது விளங்கும்.

ரமளானின் கடைசிப் பத்து நாட்களிலும், தீபாவளிக்கு முந்திய வாரத்திலும் முதலியார்பேட்டையிலிருந்து குடும்பம் குடும்பமாக நேரு வீதிக்குத் துணி எடுக்கப் போகிறோம். கடை என்றால் கீழே ஒரு தளம், மேலே இரண்டு தளம். முன்பக்கம் கண்ணாடிக் கதவு. பின்பக்கம் முழுச் சுவர். உள்ளே புதுத்துணியின் கஞ்சி வாடை, வியர்வை வாடை, படிக்கட்டுக்கு அடியிலுள்ள கழிவறையின் வாடை, இவை அனைத்துக்கும் மேலே தெளித்துவிட்ட செயற்கை மணம். பச்சைக் குழந்தை காரணம் தெரியாமல் அழுகிறது. வயதானவர் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்து விடுகிறார். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறோம். சேலையை விரித்துக் காட்டிய பெண்பிள்ளை இரவு கடை அடைக்கும்வரை அந்தக் காற்றையே சுவாசிக்கிறாள்.

"ஜனங்கள் சுத்தமாக வருவதில்லை, கடைக்காரர் என்ன செய்வார்?" என்று சிலர் கேட்கக்கூடும். இதில் பாதி உண்மை இருக்கிறது. பிறர் கூடும் இடத்திற்குத் துர்வாடையோடு போவது நம் மார்க்கத்தில் வெறுக்கப்பட்ட ஒன்று. பச்சைப் பூண்டு, வெங்காயம் தின்றவர் அந்த வாடை தீரும்வரை பள்ளிவாசலுக்கு வராமல் விலகியிருக்க வேண்டுமென்று நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கியது நாமெல்லாரும் அறிந்ததே. ஹலாலான உணவாயிற்றே என்ற சமாதானம் அங்கே ஏற்கப்படவில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு நோவினை தரக்கூடாது என்பதே அங்கு அளவுகோல்.

ஆனால் பாதி உண்மையோடு நின்றுவிடலாகாது. ஜும்ஆ நாளின் குளிப்பு எப்படி ஏற்பட்டது என்பதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கிய செய்தி அபூதாவூத் கிரந்தத்தில் இருக்கிறது. அக்கால மக்கள் கம்பளி உடுத்தியிருந்தார்கள். முதுகில் சுமை தூக்கிப் பிழைத்தார்கள். பள்ளியோ இடம் குறுகியது, அதன் கூரையோ தாழ்வானது. வெப்பம் மிகுந்த ஒரு நாளில் வியர்வை வாடை எழுந்து ஒருவருக்கொருவர் தொல்லையாயிற்று. பெருமானார் (ஸல்) அவர்கள் அதை உணர்ந்து, குளித்து, தம்மிடமுள்ள நல்ல மணத்தைப் பூசி வருமாறு பணித்தார்கள். பின்னர் அல்லாஹ் வளத்தைக் கொடுத்தான். உடை மாறியது, உழைப்பின் பாரம் குறைந்தது, பள்ளி விசாலமாயிற்று, அந்தத் தொல்லையும் பெரும்பாலும் நீங்கிற்று என்று இப்னு அப்பாஸ் (ரலி) முடிக்கிறார்கள்.

இந்தச் செய்தியை நாம் பலமுறை கேட்டிருப்போம். ஆனால் அதன் கடைசிப் பகுதியில் நின்று சிந்தித்திருக்கிறோமா? உழைத்து வந்தவனின் வியர்வை அங்கே குற்றமாகப் பேசப்படவில்லை. குளிப்பு மக்கள் மீதான கடமையாகச் சொல்லப்பட்டது. வாடை நீங்கிய காரணங்களில் கட்டடம் விசாலமானதும் ஒன்றாக எண்ணப்பட்டது. ஆக, உடலைச் சுத்தம் செய்வது வருபவரின் பங்கு; இடத்தைச் சீர் செய்வது இடத்துக்குரியவரின் பங்கு. முதல் பங்கை மட்டும் ஏழையின் தலையில் வைத்துவிட்டு இரண்டாவது பங்கை மறந்துபோவது நீதியாகாது.

இன்றைய அறிவும் இதையே சொல்கிறது. 1858-ல் ஜெர்மனியின் முனிக் நகரைச் சேர்ந்த மாக்ஸ் பெட்டன்கோஃபர் என்னும் மருத்துவ அறிஞர், ஓர் அறையின் காற்று கெட்டுவிட்டதை அதிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டு அளக்கலாம் என்று காட்டினார். ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் அது ஏறினால், மனிதர் மூச்சாலும் உடலாலும் அந்த அறை கெட்டுவிட்டது என்பது அவர் வைத்த எல்லை. இன்று வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நெருக்கமான, அடைத்த அறையில் அது விரைவிலேயே ஆயிரத்தைத் தாண்டிவிடும். "நம் கடையில் ஏ.சி. இருக்கிறதே!" என்பார் முதலாளி. சுவரில் மாட்டும் சாதாரண ஏ.சி. வெளியிலிருந்து புதுக் காற்றைக் கொண்டு வருவதில்லை. உள்ளேயிருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. குளிர்ச்சி வேறு, காற்றோட்டம் வேறு.

முதலியார்பேட்டைக்கு இது புதிய பாடமன்று. 1898-ல் தோன்றி, ரோடியர் மில் என்று நம் பெரியவர்கள் அழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு பஞ்சாலை, 2020-ல் மூடப்படும்வரை இவ்வூரில் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. நூல் அறுந்து போகாமலிருக்கக் காற்றில் ஈரம் நிற்க வேண்டும் என்பது பஞ்சாலைத் தொழிலின் தேவை. அதற்காக வெளிக்காற்றை அடைத்து வேலை வாங்கிய ஆலைகள் உலகில் ஏராளம். நூலுக்கு ஏற்ற காற்று மனிதனின் நெஞ்சுக்கு ஏற்றதாக இல்லை; பஞ்சுத் தூசு படிந்து மூச்சு நோய் கண்ட தொழிலாளரும் ஏராளம். அந்த உழைப்பாளிகளின் துயரம் தானாகத் தீரவில்லை. 1936 ஜூலை 30-ல் புதுவைப் பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டத்தில் 12 பேர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்கள். அதன் பிறகே பிரெஞ்சு இந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. அன்று நூலுக்காக அடைக்கப்பட்ட ஜன்னல், இன்று குளிருக்காகவும், சரக்கு அடுக்க இன்னும் ஓர் அலமாரி வேண்டும் என்பதற்காகவும் கடைகளில் அடைக்கப்படுகிறது. அடைபடும் மூச்சு என்றும் உழைப்பவனுடையதே.

இன்னொரு விஷயம். கெட்ட வாடையைப் போக்காமல் அதன் மேல் நறுமணம் தெளிப்பது ஒரு வகை மறைப்பாகும். மதீனத்துச் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் அண்ணலார் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். தேங்கிய சாக்கடை வாடையைச் செண்டால் மூடுவதும் ஈரத் தானியத்தின் மேல் காய்ந்ததைப் பரப்புவது போன்றதே. சாம்பிராணி போடுவதை நாம் குறை கூறவில்லை. சுத்தம் செய்த பிறகு போட்டால் அது மணம். சுத்தத்துக்குப் பதிலாகப் போட்டால் அது திரை.

முதலாளிக்கு இது ஏன் தெரிவதில்லை? கல்லா பெரும்பாலும் வாசலை ஒட்டியே இருக்கிறது. தெருக்காற்று முதலில் அவருக்கே கிடைக்கிறது. மேலும், மூக்கு விரைவில் பழகிப்போகும் உறுப்பு. ஒரே வாடையில் சில நிமிடங்கள் இருந்தால் அது தெரியாமலே போய்விடும். ஆகவே "எனக்கு ஒன்றும் நாறவில்லையே" என்பது சாட்சியாகாது. மனசாட்சிக்கும் இந்தக் குணம் உண்டு. பிறர் படும் தொல்லை நாளடைவில் நமக்குத் தெரியாமல் போவதே பெரிய ஆபத்து. பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதிலிருந்து அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், உடுத்துவதிலிருந்து உடுத்தக் கொடுங்கள் என்று போதித்த மார்க்கம், நீங்கள் சுவாசிக்கும் காற்றை மட்டும் உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றா சொல்லும்?

நம் முன்னோர்கள் இதை உபதேசத்தோடு விட்டுவிடவில்லை. சந்தைகளைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். 12-ம் நூற்றாண்டில் ஷைஸரீ என்ற அறிஞர் அவர்களுக்காக எழுதிய கையேட்டில், ரொட்டி சுடுபவரின் கடைக்கூரை உயரமாக இருக்க வேண்டும், புகை வெளியேற அகன்ற திறப்பு வேண்டும் என்றெல்லாம் விதித்திருக்கிறார். நம் நாட்டிலும் 1947-ல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் துப்புரவையும் காற்றோட்டத்தையும் கடமையாக்கியது. புதுவைக்கென 1964-ல் தனிச் சட்டம் வந்தது. கடைச் சிப்பந்திகள் உட்கார இருக்கை வேண்டுமென்று 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. அடைத்த கட்டடத்தின் ஆபத்து வாடையோடு நிற்பதுமில்லை. 2017 மே 31-ல் சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடை தீப்பற்றியபோது, உள்ளே நிறைந்த புகையால் தீயணைப்புப் படையினர் பெரிதும் திணறினார்கள். ஏழு மாடிக் கட்டடமே இடித்து அகற்றப்பட்டது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவையல்ல. ஒரு பக்கம் காற்று நுழைய வழியும், எதிர்ப்பக்கம் அது வெளியேற வழியும் இருந்தால் பாதித் தொல்லை தீரும். அடைத்த பின்சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் விசிறி, காலையில் ஏ.சி. போடுமுன் கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்தல், துடைத்த தரையை உலரவிடுதல், கழிவறையைத் தினமும் கழுவுதல், சிப்பந்திகள் முறை வைத்து வெளிக்காற்றுக்குப் போய்வர இடைவேளை, நெரிசல் மிகும்போது வாசலில் சற்று நிறுத்தி உள்ளே விடுதல் — இவ்வளவுதான். மின்சாரச் செலவு கூடும் என்பது உண்மையே. ஆனால் அந்தச் செலவை மிச்சப்படுத்துவதற்கான விலையை ஒரு பெண்பிள்ளையின் நெஞ்சு கொடுக்கிறது என்றால், அந்த இலாபத்தில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

வாங்கப் போகும் நமக்கும் பங்குண்டு. குளித்து, துவைத்த உடை உடுத்திப் போவோம். அத்தரும் அளவோடு இருக்கட்டும். அடைத்த அறையில் மிஞ்சிய அத்தரும் ஆஸ்துமாக்காரருக்கு நோவினையே. மூக்கைச் சுளித்துச் சிப்பந்தியை முறைப்பதை விட்டுவிட்டு, கல்லாவில் இருப்பவரிடம் பணிவாக, "பாய், மேல்மாடியில் காற்றே இல்லை, பிள்ளைகள் பாவம், ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்வோம். நன்மையை ஏவுவதற்கு மிம்பர் தேவையில்லை, கடைவாசலும் போதும்.

காற்றை விலை பேசாமல் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தவன் அல்லாஹ். அதை ஓர் அடியானுக்கு அடைத்துவிடாமல், பிறருடைய ஹக்கைப் பேணி நடக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.