எத்தனை பேர் ஏறுவார்கள்?

படகு கட்டுவதில் பொய் சொல்ல முடியுமா என்று யாராவது என்னை முன்பு கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். மேடையில் சொல்லலாம், கதையில் சொல்லலாம்; பலகையில் என்ன பொய்? தண்ணீர் ஒரு நிமிஷத்தில் குட்டை உடைத்துவிடாதா?

நாகர்கோவிலில் என் நண்பரின் மகன் விடுமுறையில் வந்தவன், கம்ப்யூட்டரில் ஒரு படகை வரைந்து, தன் கையாலேயே அதைக் கட்டவும் செய்தான். நீளம் 12 அடி. 6 மில்லிமீட்டர் பிளைவுட். மணக்குடிக் காயலில் விட வேண்டும் என்று ஆசை.

பிளைவுட்டுக்கு ஒரு சுபாவம் உண்டு. காகிதத்தைப் போல அதைச் சுருட்டலாம், கூம்பாக வளைக்கலாம். ஆனால் ஒரு பந்தின் மேல் மடிப்பு விழாமல் போர்த்த முடியாது. ஆகையால் படகின் ஒவ்வொரு பக்கமும் உருளையைப் போலவோ கூம்பைப் போலவோ வளைகிற வடிவமாக இருந்தாக வேண்டும். முன்னெல்லாம் இதைக் காகிதத்தில் கோடு கோடாக இழுத்துக் கண்டுபிடித்து, பிறகு தரையில் முழு அளவில் வரைந்து சரி பார்ப்பார்கள். இப்போது அந்தப் பாட்டை எல்லாம் புரோகிராம் பட்டுவிடுகிறது. வளைந்த பக்கத்தை விரித்துத் தட்டையாக்கி, எட்டுக்கு நாலு பலகையில் எங்கெங்கே புள்ளி வைப்பது என்று எண்களாகக் கொடுத்துவிடுகிறது. புள்ளிகளில் ஆணி அடித்து, மெல்லிய சட்டத்தை அவற்றின் மேல் வளைத்துக் கோடு போட்டு அறுத்தான் பையன். ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து இழுத்தான். தட்டைப் பலகைகள் எழுந்து நின்று படகாகிவிட்டன. நான் அருகில் இருந்து பார்த்தேன். மயிரிழை இடைவெளி இல்லை.

தையல் நம் கடற்கரைக்குப் புதிதல்ல. மசூலாப் படகை ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்துத்தான் அலையில் இறக்கினார்கள். 1960களில் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் என்ற இருவர் வடிவமைத்த ‘மிரர்’ என்ற சிறு படகைச் செப்புக் கம்பியால் தைத்துச் சாதாரண மனிதர்கள் வீட்டிலேயே கட்டினார்கள். இதுவரை 70,000க்கு மேல் மிதக்கவிட்டிருக்கிறார்கள். அதே முறை 1980களில் குமரி மாவட்டத்து மீனவர்களிடமும் வந்தது. முட்டத்தில் பிளைவுட் வள்ளங்கள் கட்டினார்கள். அந்தக் காலத்தில் பலகை அறுத்த ஒரு கிழ ஓடாவி நண்பருக்குப் பழக்கம். பையனின் படகைப் பார்க்க வந்தார்.

சுற்றி வந்தார். ஏராவைத் தடவினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்போரம் பார்த்தார். திருப்திதான் என்று முகம் சொல்லிற்று. பிறகு கேட்டார்:

“எத்தன பேரு ஏறுவாவ, தம்பி?”

“ரெண்டு பேர், தாத்தா. அதுக்குத்தான் கணக்குப் போட்டிருக்கேன்.”

“கணக்க நான் கேக்கல. எத்தன பேரு ஏறுவாவ?”

பையன் பதில் சொல்லவில்லை. அன்று இரவு திண்ணையில் என்னிடம் சொன்னான்: “முதல்ல நாலு பேர்னுதான் போட்டேன், மாமா. வடிவம் பெருத்துத் தொட்டி மாதிரி ஆயிட்டது. பார்க்கவே பிடிக்கல. ரெண்டு பேர்னு மாத்தினதும் அழகா வந்தது.”

எனக்குச் சுருக்கென்றது. கதாநாயகன் மூன்றாம் அத்தியாயத்தில் செய்கிற ஈனத்தனத்தை, முடிவு அழகாக அமைய வேண்டும் என்பதற்காக நானும் அடித்திருக்கிறேன். யாரும் கண்டுபிடித்ததில்லை. அந்த நாவலில் யாரும் மூழ்கப் போவதில்லை என்பதால்தானே?

இதைப் பொய் என்று சொல்லலாமா? யாரிடம் சொன்ன பொய்? இயந்திரத்தை ஏமாற்ற முடியாது. அது எதையும் நம்புவதில்லை. 160 கிலோ என்றால் 160க்கு அப்பழுக்கில்லாமல் கணக்குப் போடும். அதில்தான் வினையே இருக்கிறது. ஓடாவியின் கைக்கணக்கில் எப்போதும் கொஞ்சம் பயம் கலந்திருந்தது. கை தவறியிருக்கலாம், மரம் ஏமாற்றலாம் என்று விளிம்பைச் சற்று உயர்த்தியே வைப்பார். அந்தப் பயத்தில் நாலாவது ஆளுக்கும் இடம் கிடைத்தது. பையனுடைய கணக்கில் பிழையே இல்லை; ஆகவே பயமும் இல்லை. இருந்த ஒரே பிழை அவன் கொடுத்த எண்ணில் இருந்தது. மற்ற எண்கள் அத்தனை சுத்தமாக இருந்ததால் இதுவும் சுத்தமாகவே தெரிந்தது.

இதற்காகக் கம்ப்யூட்டரைப் பழிக்க நான் தயாரில்லை. பழைய தலைமுறையின் கைக்கணக்கு எத்தனை கவிழ்ந்த படகுகளில் கற்றது என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். ஒருவரும் சாகாமல் அந்தப் பாடத்தைத் திரையிலேயே படிக்க முடியும் என்றால் அது சின்ன விஷயமா? நாலு பேர் என்று போட்டிருந்தால் அதே புரோகிராம் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். சொல்லவும் சொல்லிற்று, தொட்டி மாதிரி இருந்தது என்றானே, அதுதான் அந்த உண்மை. அவனுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளோட்டத்தன்று அவனும் ஒரு நண்பனும் ஏறினார்கள். படகு அன்னம் மாதிரி போயிற்று. திரும்பி வந்ததும் என் நண்பர், “நானும் வர்றேன்டா” என்று காலை வைத்தார். தண்ணீரைத் தொடுகிற பரப்பு 2 சதுர மீட்டர் என்றால் 75 கிலோ ஆள் ஒருவருக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் அமிழும். கணக்கை அவனே எனக்குச் சொல்லியிருந்தான். சொன்னபடியே அமிழ்ந்தது. ஓரமாக உட்காராதீர்கள் என்று அப்பாவிடம் இரண்டு முறை சொன்னான். அவர் கேட்கவில்லை, காயலைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கரையில் மிச்சம் நான்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன்.

“நீயும் வாய்யா!” என்று நண்பர் கை நீட்டினார்.

பையன் என்னைக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. துடுப்பைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்குத் தண்ணீர் ஆகாது” என்று சொல்லிவிட்டேன்.